100 கெஜத்தை 10 விநாடியில் ஓடிய கோல்கீப்பர்: ஆர்தர் வார்ட்டன்

கேள்வி இதுதான்: வேகமான கால்பந்து வீரர் யாரைப் பார்த்தாலும் "இவர் மட்டும் ஓட்டப்பந்தயத்துக்குப் போயிருந்தால் பதக்கம் நிச்சயம்" என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்களே, நிஜமாகவே இரண்டிலும் பெரிய ஆளாக இருந்தவர் யாராவது உண்டா?

உண்டு. அதுவும் இன்றைக்குச் சுமார் 140 வருடங்களுக்கு முன்பே. பெயர் ஆர்தர் வார்ட்டன். கூகுளில் தேடினால் "உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர்" என்றுதான் முதலில் வரும், அது பெரிய விஷயம்தான், ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் மனிதர் யார் என்பதே பிடிபடாது என்பது என் அபிப்பிராயம். அவர் முதலில் ஓட்டக்காரர். ஓட்டத்தை வைத்துப் பிழைக்க முடியாமல் போனதால் தொழில்முறைக் கால்பந்துக்காரர் ஆனவர். ஆடியதோ கோல்கீப்பராக, அதாவது மைதானத்தில் இருக்கும் பதினொரு பேரில் ஓட வேண்டிய அவசியமே குறைவாக உள்ள இடத்தில்! இது ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால்தான் அவருடைய கதை சுவாரசியமாகிறது.

பிறந்தது 1865 அக்டோபர் 28, ஆக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில். நம்ம ஆக்ரா இல்லை, இன்றைய கானாவின் தலைநகரம், அன்று கோல்ட் கோஸ்ட். அப்பா ஹென்றி வார்ட்டன், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மிஷனரி, அவருடைய உடம்பில் ஸ்காட்லாந்து ரத்தமும் ஆப்பிரிக்க ரத்தமும் கலந்திருந்தன. அம்மா ஃபாண்டே இனத்தின் அரச குடும்பத்தோடு உறவுள்ளவர். ஆக, பையன் பரம ஏழை வீட்டுப் பிள்ளை கிடையாது. அன்றைய கோல்ட் கோஸ்டில் படித்த, வசதியான, தேவாலயத்தோடு நெருக்கமான குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். மகனும் மத போதகராகவோ ஆசிரியராகவோ வருவான் என்று குடும்பம் எதிர்பார்த்து, 1880களின் தொடக்கத்தில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியது. முதலில் ஸ்டாஃபர்ட்ஷயரில் கேனக், பிறகு வடக்கே டார்லிங்டனில் உள்ள கிளீவ்லாந்து கல்லூரி.

போதகர் படிப்பு என்ன ஆனது என்றால், விளையாட்டு அதைத் தின்றுவிட்டது. ஓட்டம், கால்பந்து, கிரிக்கெட், சைக்கிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆடினார், எல்லாவற்றிலும் உள்ளூர் ஆட்களைவிட நன்றாகவே ஆடினார்.

இப்போது 1886 ஜூலை 3. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ். இன்றைக்கு செல்சி அணியின் வீடு என்றுதான் அந்த இடத்தை நமக்குத் தெரியும், ஆனால் செல்சி கிளப் பிறந்ததே 1905இல், அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது தடகள மைதானம். அங்கே அமெச்சூர் (அதாவது காசு வாங்காமல் ஓடுபவர்களின்) தடகளச் சங்கத்தின் சாம்பியன்ஷிப். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் கிடையாது, உலகச் சாம்பியன்ஷிப் கிடையாது, ஆகவே ஓட்டக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய மேடை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வடக்கிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் 100 கெஜ ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் சரியாகப் பத்து விநாடியில் ஓடினார். அப்புறம் இறுதிச் சுற்றிலும் அதே பத்து விநாடி. அந்தச் சாம்பியன்ஷிப்பில் அதற்கு முன் யாரும் அந்த நேரத்தைத் தொட்டு வென்றதில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றதும் அதுவே முதல் முறை. அடுத்த வருடம் ஸ்டௌர்பிரிட்ஜில் நடந்தபோதும் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

100 கெஜம் என்பது 91.44 மீட்டர். அதைப் பத்து விநாடியில் கடப்பதென்றால் சராசரி வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர், அதுவும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்து. அப்போது குனிந்து கையை ஊன்றிப் புறப்படும் முறை பழக்கத்துக்கு வரவில்லை, நின்றபடியேதான் கிளம்புவார்கள். ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லை. தடம் என்பது சாம்பல் கொட்டி இறுக்கிய தரை. கையில் பிடிக்கும் கடிகாரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் காட்டும், ஆகவே இன்றைய மின்னணு நேரங்களோடு நேராக வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை, கை நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இருந்தாலும் ஒரு அளவுக்கு: பத்து வருடம் கழித்து 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற தாமஸ் பர்க் எடுத்துக்கொண்ட நேரம் 12 விநாடி. வார்ட்டன் அதே வேகத்தில் இன்னும் எட்டரை மீட்டர் ஓடியிருந்தால் 11 விநாடிக்குள் முடித்திருப்பார். (ஏதென்ஸ் தடம் மோசமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பர்க் பாவம்.) 1890இல் அமெரிக்காவின் ஜான் ஓவன் 9.8 விநாடியில் ஓடும்வரை, அமெச்சூர்கள் மத்தியில் பத்து விநாடிதான் எல்லைக்கோடு.

இதைத்தான் உலக சாதனை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கொஞ்சம் ஜாக்கிரதை. உலக சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பே 1912இல்தான் வந்தது. வேறு சிலரும் அதற்கு முன் பத்து விநாடி ஓடியதாகச் சொல்லிக்கொண்டார்கள், ஆனால் தடம், கடிகாரம், சாட்சி எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு பெரிய போட்டியில் ஓடிக் காட்டியதுதான் வார்ட்டனுடைய பெருமை.

சரி, இப்படிப்பட்ட ஆள் ஏன் கோல்கீப்பர்?

இன்றைய விதிகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் புரியாது. 1880களில் கோல்கீப்பர் வேறு ஜாதி. பெனால்டி பகுதிக்குள்தான் கையால் பந்தைத் தொடலாம் என்ற கட்டுப்பாடு 1912இல்தான் வந்தது, அதுவரை தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுக்க அவர் கையால் பந்தைத் தொடக்கூடிய பகுதிதான். அது மட்டுமில்லை, எதிரணி முன்கள வீரர்கள் கோல்கீப்பரைத் தோளால் இடித்துப் பந்தோடு சேர்த்து கோலுக்குள் தள்ளலாம், பந்து அவர் கையில் இல்லாதபோதுகூட இடிக்கலாம், விதி அனுமதித்தது. ஒருவர் கோல்கீப்பரை அமுக்கிக்கொள்ள, இன்னொருவர் கோல் அடிப்பார். இதில் பந்தைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது தற்கொலை. வந்த பந்தை முஷ்டியால் குத்தித் தூர அனுப்ப வேண்டும், ஆபத்து வருமுன்னே பாய்ந்து வெளியே வர வேண்டும். முதல் பத்து கெஜத்தில் மின்னலாய்க் கிளம்பக்கூடிய ஓட்டக்காரருக்கு இந்த வேலை பொருந்தாமலா போகும்? வார்ட்டனின் குத்து அந்த வட்டாரத்தில் பேர் பெற்றது. எப்போதாவது அவரை விங்கில் முன்கள வீரராகவும் இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பாணியே தனி. கோலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், ஏதோ ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி. பந்து வரும் கடைசி நொடியில் பாய்வார். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 1942இல், ஷெஃபீல்ட் பத்திரிகை ஒன்றுக்கு வயதான ரசிகர் ஒருவர் கடிதம் எழுதினார்: ரோதராம் அணிக்கும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணிக்கும் நடந்த ஆட்டத்தில் வார்ட்டன் எகிறி மேல்கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தைக் கால்களுக்கு நடுவே கவ்விக்கொள்ள, பாய்ந்து வந்த மூன்று முன்கள வீரர்கள் தடுமாறி வலைக்குள் விழுந்தார்களாம், ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஆட்டம் பார்க்கிறேன், இதுபோல் இன்னொன்று பார்த்ததில்லை என்று. வயதானவர்களின் நினைவில் எல்லாமே கொஞ்சம் வளரும், அதைக் கழித்துவிட்டாலும் மிச்சம் இருப்பது போதும்.

ஆனால் இந்த வேடிக்கைக்கு இரண்டு பக்கம் உண்டு. வெள்ளைக்கார கோல்கீப்பர் இப்படிச் செய்தால் 'கில்லாடி' என்று எழுதிய அதே காலத்துப் பத்திரிகைகள், வார்ட்டன் செய்தபோது கோமாளித்தனம் என்றன. 1887இல் ஒரு விளையாட்டு இதழ், பெரிய ஆட்டத்தில் இவரை நிறுத்தினால் அப்போது இவர் ஆடிய பிரெஸ்டன் அணி தோற்கும் என்று எழுதி, இந்தக் கறுப்பனின் மண்டை அவ்வளவு தடிமனா, கோல் கம்பங்களுக்கு நடுவே விளையாட்டுத்தனம் கூடாது என்று உறைக்காதா என்கிற தொனியில் கேட்டது. பிரிட்டனும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கறுப்பர்கள் உடலாலும் அறிவாலும் தாழ்ந்தவர்கள் என்று "விஞ்ஞானம்" பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டிலேயே வேகமான மனிதன் ஒரு கறுப்பன் என்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் கடிகாரம் சொன்னது எத்தனை பேருக்கு ஜீரணமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடவில்லை.

மேலே சொன்ன பிரெஸ்டன் என்பது பிரெஸ்டன் நார்த் எண்ட். டார்லிங்டனில் ஆடியவரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போன அணி, அன்றைக்கு இங்கிலாந்தின் தலைசிறந்த இரண்டு மூன்று அணிகளில் ஒன்று. தோற்றால் வெளியேற வேண்டிய போட்டியான எஃப்ஏ கோப்பையில் 1886–87இல் அரையிறுதி வரை போனார்கள், அங்கே வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 3–1 என்று தோற்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பிரெஸ்டனில் வார்ட்டன் அமெச்சூராகவே ஆடினார். கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடுவது 1885இல் சட்டபூர்வமாகிவிட்டது, பிரெஸ்டன்தான் அதற்காக முன்னால் நின்று சண்டை போட்ட கிளப். ஆனாலும் வார்ட்டன் சம்பளக்காரராகக் கையெழுத்துப் போடவில்லை. காரணம் ஓட்டம். ஒரு விளையாட்டில் காசு வாங்கினால் அமெச்சூர் தடகளத்தின் கதவு சாத்திக்கொள்ளும். கோப்பையும் பட்டமும் வேண்டுமென்றால் கை சுத்தமாக இருக்க வேண்டும். வசதியான வீட்டுப் பையன்களுக்கு இந்த விதி ஒரு தொந்தரவே இல்லை, அவர்களுக்காகவே எழுதப்பட்ட விதி அது. கடல் தாண்டி வந்து, படிப்பையும் விட்டுவிட்ட ஒருவர் எத்தனை நாள் கோப்பையைப் பார்த்தே வயிற்றை நிரப்புவார்?

1888இல் முடிவெடுத்தார். பிரெஸ்டனை விட்டார், அமெச்சூர் என்ற பெயரையும் விட்டார், ஷெஃபீல்டுக்குப் போய்க் காசுக்கு ஓட ஆரம்பித்தார். ஷெஃபீல்ட் அன்று ஹேண்டிகேப் ஓட்டங்களுக்குப் பேர் போன ஊர். வேகமானவர் கோட்டில் நிற்பார், மற்றவர்களுக்கு அவரவர் திறமைக்கு ஏற்ப சில கெஜங்கள் முன்னால் இடம் தருவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டை அடைய வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நிஜக் கணக்கு சூதாட்டம். தங்கள் உண்மையான வேகத்தை மறைக்க வேண்டுமென்றே தோற்பவர்கள், பொய்ப் பெயரில் ஓடுபவர்கள், ஆளை மாதக்கணக்கில் ஒளித்து வைத்துப் பயிற்சி கொடுத்து ஒரே ஒரு ஓட்டத்தில் புக்கிகளைக் கவிழ்க்கும் கும்பல்கள், எல்லாம் அங்கே உண்டு. ஊருக்கே தெரிந்த சாம்பியனுக்கு அங்கே எதை மறைப்பது? இருந்தும் அந்த வருட செப்டம்பரில் குவீன்ஸ் கிரவுண்ட் ஹேண்டிகேப்பை வென்றார்.

அவர் விட்டுவிட்டு வந்த பிரெஸ்டனோ அதே செப்டம்பரில் தொடங்கிய உலகின் முதல் கால்பந்து லீகில் இறங்கி, 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 டிரா, ஒரு தோல்வி இல்லை. அதோடு எஃப்ஏ கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. 'தோற்கடிக்க முடியாதவர்கள்' என்று இன்றுவரை பேசப்படும் அணி அதுதான். இன்னும் ஒரு பருவம் பொறுத்திருந்தால் வார்ட்டன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். இதை அவருடைய தப்பு என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை. லீக் என்ற ஒன்று எவ்வளவு பெரிதாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஓட்டத்தில் காசு இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அந்தக் காசு அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில்தான் வற்றத் தொடங்கியிருந்தது, கூட்டம் மெல்ல மெல்லக் கால்பந்து மைதானங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

அதனால்தான் 1889இல் அவரும் திரும்பிக் கால்பந்துக்கே வந்தார், இம்முறை சம்பளத்துக்கு, ரோதராம் டவுன் அணியில். 'முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர்' என்ற பட்டம் இங்கிருந்து வருகிறது. அங்கேதான் எம்மா லிஸ்டர் என்ற பெண்ணை 1890இல் திருமணம் செய்துகொண்டார். அவருடைய நல்ல கால்பந்து வருடங்கள் அவைதான். அந்த அணி மிட்லண்ட் லீகை இரண்டு முறை தொடர்ந்து வென்று, 1893இல் கால்பந்து லீகின் இரண்டாம் பிரிவில் இடம் பிடித்தது. அன்றைய பல வீரர்களைப் போல ஆடிக்கொண்டே மதுக்கடையும் நடத்தினார், கோடையில் காசுக்குக் கிரிக்கெட்டும் ஆடினார்.

1894இல் ஷெஃபீல்ட் யுனைடெட் அவரை வாங்கியது. முதல் பிரிவு, கடைசியாகப் பெரிய மேடை. ஆனால் அதே கோடையில் அதே கிளப் இன்னொரு கோல்கீப்பரையும் வாங்கியிருந்தது. சுரங்கத் தொழிலாளியான இருபது வயதுப் பையன், பெயர் வில்லியம் ஃபோல்க். ஆறடிக்கு மேல் நல்ல உயரம், பிற்காலத்தில் 140 கிலோவைத் தாண்டி 'ஃபேட்டி' ஃபோல்க் என்று கால்பந்து வரலாற்றிலேயே பிரபலமான குண்டு மனிதர். முன்பு சொன்ன அந்த இடிக்கும் விதியை நினைத்துப் பாருங்கள், ஃபோல்க்கை யார் இடித்துத் தள்ளுவது! வேகத்தை நம்பிய முப்பதை நெருங்கும் கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். 1894–95 பருவத்தில் வார்ட்டனுக்கு அங்கே மூன்றே ஆட்டங்கள் கிடைத்தன. அதில் ஒன்று சண்டர்லாந்துக்கு எதிரான முதல் பிரிவு ஆட்டம், அதனால் இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் ஆடிய முதல் கறுப்பர் என்ற பெயரும் சேர்ந்தது.

அதன் பிறகு சொல்வதற்கு அதிகமில்லை. மறுபடி ரோதராம், ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட் (1899இல் திவாலான கிளப்), மறுபடி ஸ்டேலிபிரிட்ஜ், கடைசியில் ஸ்டாக்போர்ட் கௌண்டி. 1902இல் ஓய்வு. கையில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. டான்காஸ்டர் பக்கம் எட்லிங்டனில் யார்க்ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டிகளை இழுத்துத் தள்ளும் பிரிவில் வேலை பார்த்தார். 1930 டிசம்பரில் நோயோடு போராடி இறந்தபோது பெயர்க்கல்கூட இல்லாத குழியில் புதைத்தார்கள்.

அப்புறம் அறுபது வருடங்களுக்கும் மேல் மறந்தே போனார்கள். அவரை மீட்டது முக்கியமாக ஃபில் வாசிலி என்ற வரலாற்றாய்வாளர், ஷெஃபீல்டில் இனவெறிக்கு எதிராகக் கால்பந்தை வைத்து வேலை செய்த அமைப்பு ஒன்று, பிறகு அவருடைய பேத்தி. 1997இல் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். 2003இல் இங்கிலீஷ் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2014இல் இங்கிலாந்து அணிகள் பயிற்சி எடுக்கும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் சிலை வைத்தார்கள். எந்தத் தேசிய அணி அவரை ஒருமுறையும் எடுக்கவில்லையோ அதன் வாசலிலேயே இப்போது பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

"முதல்" என்ற சொல்லைப் பற்றி யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் கறுப்பின சர்வதேச வீரர் வார்ட்டன் இல்லை, ஆண்ட்ரூ வாட்சன். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து ஸ்காட்லாந்துக்கு ஆடியவர், 1881இல் லண்டனில் இங்கிலாந்தை 6–1 என்று நொறுக்கிய ஸ்காட்லாந்து அணிக்குத் தலைவரே அவர்தான். வாட்சன் வசதியானவர், அமெச்சூராக அறியப்பட்டவர். இருவரில் யார் பெரியவர் என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் பந்தை மறந்துவிட்டு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வார்ட்டனுக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன், இன்றைய வீரர்கள். பிரீமியர் லீகில் அளந்த மிக உயர்ந்த வேகங்கள் மணிக்கு 37 கிலோமீட்டரை ஒட்டி வருகின்றன. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணத்தில் தொட்ட உச்சம். உசைன் போல்ட் 2009 பெர்லினில் தொட்ட உச்சம் 44க்கும் மேல். வார்ட்டனின் 33 என்பதோ புறப்பட்டதிலிருந்து நாடாவைத் தொடும்வரை சராசரி, உச்சம் அதைவிட நிச்சயம் அதிகம். அதாவது 1886இன் சாம்பல் தடத்தில், நின்ற நிலையிலிருந்து கிளம்பியவர், இன்றைய மிக வேகமான கால்பந்து வீரர்களோடு சேர்த்துப் பேசக்கூடிய வேகத்தில் ஓடியிருக்கிறார். அதே சமயம் இன்றைய வீரர்கள் இன்றைய ஓட்டக்காரர்களிடமிருந்து வெகு தூரத்தில் இருக்கிறார்கள். வர்ணனையாளர்கள் சொல்லும் அந்த ஒலிம்பிக் வசனத்தை அப்படியே விட்டுவிடலாம்.

நம்ம நாட்டோடு சம்பந்தப்பட்ட உதாரணம் வேண்டுமென்றால் நார்மன் பிரிட்சார்ட். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர். வங்காளத்தின் 100 கெஜப் பட்டத்தை 1894 முதல் ஏழு வருடம் தொடர்ந்து வைத்திருந்தவர், 1897இல் செயின்ட் சேவியர்ஸ் அணிக்காக சோவாபஜார் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர், இந்தியாவில் ஒரு பொதுப் போட்டியில் பதிவான முதல் ஹாட்ரிக் என்று அதைச் சொல்கிறார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளி. அவை இந்தியாவின் கணக்கிலா பிரிட்டனின் கணக்கிலா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தியாவின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பிறகு இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்துவிட்டு, இங்கிலாந்து போய் மேடை நடிகராகி, நார்மன் டிரெவர் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட்டின் மௌனப் படங்களில் நடித்து, 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். ஓட்டத்தில் பதக்கம் என்று பார்த்தால் இவர் பக்கம்தான் கனம் அதிகம், கால்பந்து என்று பார்த்தால் வார்ட்டன் பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே ஒருவரைச் சொல்லு என்றால் நான் வார்ட்டனைத்தான் சொல்வேன்.